மூன்று மாதமாகத் தூக்கமில்லையா? மனநல ஓ.பி. முதல் மாத்திரை குறைப்பது வரை செய்ய வேண்டியவை

ராத்திரி 2.40-க்கு விழிப்பு வந்துவிடும். அடுப்படிக்குப் போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, ஃப்ரிட்ஜ் ஓடி ஓடி நிற்கும் சத்தத்தைக் கேட்டபடி தரையிலேயே உட்கார்ந்திருப்பேன். 4.30-க்குக் கோயில் ரேடியோ பாட ஆரம்பிக்கும். ஐந்து மணிக்குப் பால்காரர் வருவார். எட்டரைக்கு மில் ஆபீஸில் கணக்கு நோட்டைத் திறந்தால் எண்கள் எல்லாம் ஒன்றாகவே தெரியும். அப்பா இறந்த பிறகு ஆரம்பித்த இது, பதினான்கு மாதம் இழுத்தது. அதில் ஒன்பது மாதம் எங்கே போவது, என்ன கேட்பது என்று தெரியாததாலேயே வீணானது. உங்களுக்கு அந்த ஒன்பது மாதம் மிச்சமாக வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் சொல்வது விருதுநகர், மதுரைப் பக்கத்து அனுபவம். தமிழ்நாட்டில் மற்ற ஊர்களிலும் நடைமுறை பெரும்பாலும் இதுதான்.

1. முதலில், இன்று ராத்திரி

"இப்படி இருப்பதற்குச் செத்துப்போனால் தேவலை" என்ற நினைப்பு வருகிறதா? வந்தால் மற்ற படிகளைப் பிறகு பாருங்கள். 14416-க்குப் போன் செய்யுங்கள். இது அரசின் டெலி மானஸ் உதவி எண். கட்டணம் கிடையாது, 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். சென்னையின் சினேகா அமைப்பின் எண் 044-24640050. என்ன செய்துகொள்வது என்று யோசிக்கும் அளவுக்குப் போயிருந்தால் வீட்டில் யாரையாவது எழுப்புங்கள். ராத்திரி மூன்று மணி என்று பார்க்காதீர்கள். 108-ஐக் கூப்பிட்டு அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். மாத்திரைகளையும் பூச்சி மருந்தையும் வேறொருவர் பொறுப்பில் பூட்டி வைக்கச் சொல்லுங்கள்.

மூன்று மணிக்கு விழித்திருக்கும் மனசு சொல்வது, காலை பத்து மணிக்கு அதே மனசு சொல்வதைவிட எப்போதும் மோசமாகவே இருக்கும். அந்த நேரத்தில் எந்த முடிவும் எடுக்கக் கூடாது என்று எனக்கு நானே விதி வைத்திருந்தேன்.

2. இரண்டு வாரம் தூக்கக் கணக்கு எழுதுங்கள்

வாரத்தில் மூன்று நாளாவது தூக்கம் கெட்டு, அது மூன்று மாதமாகத் தொடர்ந்தால் அதை நாள்பட்ட தூக்கமின்மை என்கிறார்கள். "சரியாவே தூங்குறதில்ல டாக்டர்" என்று மட்டும் சொன்னால் அவருக்கு ஒன்றும் பிடிபடாது. ஒரு பழைய நோட்டில் கோடு போட்டு இவற்றை எழுதுங்கள்: படுத்த நேரம், தூங்க ஏறத்தாழ எவ்வளவு நேரம் ஆனது, நடுவில் எத்தனை முறை விழிப்பு, கடைசியாக விழித்த நேரம், படுக்கையை விட்டு எழுந்த நேரம், பகல் தூக்கம், காபி டீ, போட்ட மாத்திரை.

ராத்திரி கடிகாரம் பார்த்து எழுத வேண்டாம். காலையில் எழுந்து குத்துமதிப்பாக எழுதினால் போதும். நான் முதல் மூன்று நாள் போனை எடுத்து மணி பார்த்துப் பார்த்து எழுதினேன். அதனாலேயே இன்னும் தூக்கம் கெட்டது.

இந்தக் கணக்கு இன்னொரு விஷயத்தையும் காட்டிக்கொடுக்கும். படுத்து வெகுநேரம் தூக்கம் வராமல் புரள்வது பெரும்பாலும் பதற்றத்தோடு சேர்ந்து வரும். விடியுமுன் விழித்து, மறுபடி கண் மூடாமல், காலையில்தான் மனசு மிகவும் கனத்துக் கிடப்பது மனச்சோர்வில் அதிகம். எனக்கு இரண்டும் இருந்தன. இதைக் கண்டுபிடித்தது நோட்டுதான்.

3. எங்கே போவது

நேரே மனநலப் பிரிவுக்குப் போங்கள். தூக்கத்துக்கு ஒரு டாக்டர், படபடப்புக்கு ஒருவர், அசதிக்கு ஒருவர் என்று நான் அலைந்தேன். நெஞ்சு அடைக்கிறது என்று ஒரு ராத்திரி ஈ.சி.ஜி.யும் எடுத்தேன், நார்மல். (முதல் முறை நெஞ்சு வலி வந்தால் கட்டாயம் எடுத்துப் பார்க்க வேண்டும். "டென்ஷன்தான்" என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள்.) தூக்கமின்மை, பதற்றம், மனச்சோர்வு மூன்றும் ஒன்றை ஒன்று வளர்க்கும். மூன்றையும் ஒரே ஆள் பார்க்க வேண்டும்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநல ஓ.பி. உண்டு. மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் மனநல மருத்துவர் தாலுகா மருத்துவமனைகளுக்கும் குறிப்பிட்ட நாள்களில் வருவார். எந்த ஊருக்கு எந்தக் கிழமை என்பதை உங்கள் தாலுகா மருத்துவமனையில் ஒரு நாள் முன்னதாகவே கேட்டுவிடுங்கள். கிழமை தெரியாமல் போய் நான் ஒரு நாள் லீவை வீணாக்கினேன். சென்னையில் இருப்பவர்களுக்குக் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையிலும் ஓ.பி. இருக்கிறது. அங்கே போனால் சேர்த்துவிடுவார்கள் என்ற பயம் வேண்டாம். சீட்டுப் போட்டு, பார்த்து, மாத்திரை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வரலாம்.

தனியாரிடம் போவதாக இருந்தால் மனநல மருத்துவர் வேறு, உளவியலாளர் வேறு என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். எம்.டி. சைக்கியாட்ரி, டி.பி.எம். போன்ற படிப்பு முடித்த டாக்டர்தான் மனநல மருத்துவர், அவர் மருந்து எழுதுவார். உளவியலாளர் மருந்து எழுத முடியாது. பேச்சு வழியாகச் சிகிச்சை தரும் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வுக் கவுன்சில்) பதிவு பெற்றவராக இருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்பதில் தவறில்லை. வாட்ஸ்அப் விளம்பரத்தில் "ஏழு நாளில் ஆழ்ந்த உறக்கம்" என்பவரிடம் பணம் கட்டிவிடாதீர்கள்.

4. கையில் என்னென்ன

ஆதார் கார்டு, போன் நம்பர், தூக்கக் கணக்கு நோட்டு, பழைய சீட்டுகள், ரத்தப் பரிசோதனை முடிவுகள், இப்போது போட்டுக்கொண்டிருக்கும் மாத்திரைகளின் அட்டைகள். பிரஷர், சுகர், தைராய்டு, கர்ப்பத்தடை மாத்திரை எதுவானாலும் அட்டையோடு எடுத்துப் போங்கள். அமுக்கரா சூரணம், இருமல் மருந்து, பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த தூக்க மாத்திரை எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். அவற்றை மறைத்தால் புது மருந்தோடு சேர்ந்து மயக்கம் கூடலாம்.

அரசு ஓ.பி. காலையில்தான். ஏழரை மணிக்கெல்லாம் சீட்டு வரிசையில் நில்லுங்கள். முதல் நாள் சீட்டு, டாக்டர், மருந்து வாங்கும் இடம் எல்லாம் சேர்த்து எனக்கு நாலரை மணி நேரம் ஆனது. சாப்பிட்டுவிட்டுப் போங்கள், தண்ணீர் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். கூட ஒருவர் இருந்தால் நல்லது. நான் மதினியை அழைத்துப் போனேன். வரிசையில் தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு நின்றேன். நாலு பேருக்கு முன்னால் என் மகளின் பள்ளிக்கூட டீச்சர் நின்றிருந்தார். அவரும் என்னைப் பார்த்தார். இருவரும் லேசாகத் தலையசைத்துக்கொண்டோம். அவ்வளவுதான். அதற்குப் பிறகு எனக்கு அந்த வெட்கம் போய்விட்டது.

5. டாக்டரிடம் சொல்ல வேண்டியவை

அரசு ஓ.பி.யில் உங்களுக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். அதனால் ஐந்து வரி எழுதி எடுத்துப் போங்கள். எத்தனை மாதமாக இருக்கிறது. ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்குகிறேன். பகலில் என்ன கெட்டுப்போகிறது (வேலையில் தப்பு, பிள்ளைகள் மேல் எரிச்சல், சமையலில் மனம் இல்லாதது). சாக வேண்டும் என்ற நினைப்பு உண்டா. இதுவரை என்னென்ன மாத்திரை போட்டேன்.

இன்னும் நான்கு விஷயங்களைக் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். முன்பு எப்போதாவது தூக்கமே தேவைப்படாமல் பல நாள் அளவுக்கு மீறிய உற்சாகத்தோடு இருந்ததுண்டா? அது இருந்தால் மருந்தே மாறும். குடிப்பழக்கம் உண்டா? குடித்தால் சீக்கிரம் தூக்கம் வருவதுபோல் இருக்கும், ராத்திரியின் பின்பாதியில் தூக்கத்தை அதுவே கெடுக்கும். சத்தமாகக் குறட்டை விடுவதாகவோ மூச்சு நின்று நின்று வருவதாகவோ வீட்டில் சொல்கிறார்களா? அது தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோயாக இருக்கலாம், அதற்குச் சிகிச்சை வேறு. படுத்தால் கால் குடைச்சல் எடுத்து ஆட்டிக்கொண்டே இருக்கத் தோன்றுகிறதா? இரும்புச்சத்துக் குறைவிலும் அப்படி வரும்.

அறையில் மாணவ டாக்டர்கள், அடுத்த நோயாளிகள் என்று கூட்டமாக இருந்தால், "கொஞ்சம் தனியா சொல்லணும் டாக்டர்" என்று கேளுங்கள். 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின்படி உங்கள் சிகிச்சை விவரம் ரகசியமாக இருக்க வேண்டும். அது உங்கள் உரிமை.

"தூக்கத்துக்கு மட்டும் ஏதாவது குடுங்க" என்று கேட்டுவிடாதீர்கள். நான் முதலில் போன ஒரு கிளினிக்கில் அப்படித்தான் கேட்டேன், அதைத்தான் கொடுத்தார்கள்.

ரத்தத்தில் தைராய்டு, ஹீமோகுளோபின், சுகர், பி12 பார்க்கச் சொல்லலாம். எனக்கு ஹீமோகுளோபின் 9 இருந்தது. அதைச் சரிசெய்த பிறகே பகல் அசதியில் பாதி குறைந்தது.

6. மாத்திரைகள்: இங்கேதான் அதிகம் பேர் தவறுகிறார்கள்

இரண்டு வகையைப் பிரித்துப் புரிந்துகொள்ளுங்கள். அல்பிரசோலம், குளோனசெபம் போன்றவை அன்றைக்கே படபடப்பை அடக்கித் தூங்க வைக்கும். அவை சில வாரங்களுக்கு மட்டும். தொடர்ந்து போட்டால் உடம்பு பழகிக்கொண்டு அதே அளவு போதாமல் போகும். எஸ்சிட்டலோபிராம், செர்ட்ராலின் போன்றவை பதற்றத்தையும் மனச்சோர்வையும் அடியிலிருந்து சரிசெய்பவை. அவை வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், முழுப் பலன் தெரிய ஆறு, எட்டு வாரம் ஆகலாம். முதல் பத்து நாள் குமட்டல், தலைவலி, சிலருக்குப் படபடப்பும் தூக்கக் கேடும் கூடும். இந்த இடத்தில்தான் "மருந்து ஒத்துக்கல" என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள். தாங்க முடியாவிட்டால் டாக்டரிடம் போங்கள். காலையில் போடச் சொல்வார், அளவைப் பாதியாக்குவார், அல்லது மிர்டாசபின் போல ராத்திரி தூக்கமும் தரும் மருந்துக்கு மாற்றுவார். அந்த ஆரம்ப நாள்களில் சாகும் எண்ணம் புதிதாக வந்தாலோ கூடினாலோ அடுத்த தேதிவரை காத்திருக்காமல் அன்றே போங்கள். இளவயதினர் வீட்டில் இதைக் கவனமாகப் பாருங்கள்.

நான் செய்த தப்பைச் சொல்கிறேன். எங்கள் ஊர் மருந்துக்கடை ஒன்றில் சீட்டு இல்லாமலே அல்பிரசோலம் கொடுத்தார்கள். அது டாக்டர் சீட்டைப் பார்த்து, நோயாளியின் பெயரைப் பதிவேட்டில் எழுதியே விற்க வேண்டிய எச்1 பட்டியல் மருந்து. எனக்கு அது தெரியாது. ஐந்து மாதம் வாங்கிப் போட்டேன். ஒன்று இரண்டானது. தென்காசியில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது அட்டையை வீட்டில் மறந்துவிட்டேன். இரண்டாம் நாள் காலை பந்தியில் காபி டம்ளரைத் தூக்கினால் கை நடுங்கி வேட்டி, புடவை எல்லாம் தெறித்தது. உடம்பெல்லாம் வியர்வை, காதில் இரைச்சல், ஒரு நிமிடம்கூடக் கண் மூடவில்லை. நோய் முற்றிவிட்டது என்று நினைத்து அழுதேன். மாத்திரையைத் திடீரென்று நிறுத்தியதன் விளைவு அது என்று பிறகு மனநல டாக்டர் சொன்னார். சிலருக்கு வலிப்புகூட வரும். அவர் பத்து வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்.

ஆகவே ஏற்கெனவே மாதக்கணக்கில் போட்டுக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு இன்றே நிறுத்திவிட வேண்டாம். டாக்டரிடம் உண்மையான எண்ணிக்கையைச் சொல்லிக் குறையுங்கள். அந்த மாத்திரையோடு மது ஒருபோதும் கூடாது. போட்ட மறுநாள் காலை தலை கிறுகிறுத்தால் வண்டி ஓட்டாதீர்கள்.

நன்றாக ஆன பிறகும் மனச்சோர்வு மருந்தைக் குறைந்தது ஆறு மாதம் தொடரச் சொல்வார்கள். நன்றாகிவிட்டதே என்று நீங்களாக நிறுத்தினால் திரும்ப வரும் வாய்ப்பு அதிகம். இந்த வகை மருந்து போதை மருந்து அல்ல. ஆனாலும் சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றல் வரும், அதனால் இதையும் படிப்படியாகவே குறைக்க வேண்டும்.

7. மாத்திரை இல்லாமல் செய்ய வேண்டியவை

நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதலில் தர வேண்டிய சிகிச்சை மாத்திரை அல்ல, சி.பி.டி.-ஐ என்னும் பழக்கமாற்றச் சிகிச்சை. சாதாரணமாக ஆறு முதல் எட்டு அமர்வு. "இந்தச் சிகிச்சை இங்கே யாராவது தருகிறார்களா?" என்று பெயர் சொல்லியே கேளுங்கள். எங்கள் மாவட்டத்தில் கிடைக்கவில்லை. டாக்டர் இரண்டு விதிகளைச் சொல்லி அனுப்பினார், அவற்றைத்தான் செய்தேன்.

முதல் விதி, படுக்கை தூங்க மட்டும். இருபது நிமிடம்போல் தூக்கம் வரவில்லை என்று தோன்றினால் எழுந்துவிட வேண்டும். தனி அறை உள்ளவர்களுக்கு இது எளிது. எங்கள் வீட்டில் கூடத்தில்தான் எல்லோரும் படுப்போம். நான் பாயைச் சுருட்டிச் சுவரோரம் வைத்துவிட்டு அடுப்படி வாசலில் நாற்காலி போட்டு மங்கலான விளக்கில் உட்கார்ந்துகொள்வேன். கீரை ஆய்வது, துணி மடிப்பது, ஜபம் செய்வது என்று அலுப்புத் தட்டுகிற வேலை எதுவும் சரி. போன் மட்டும் கூடாது. கண் சொக்கும்போது பாயை விரிக்க வேண்டும். ஒரே ராத்திரியில் நான்கு முறைகூடச் சுருட்டி விரித்திருக்கிறேன்.

இரண்டாம் விதி கடினமானது, பலன் அதிகம். படுக்கையில் கிடக்கும் நேரத்தைத் தூங்கும் நேரத்துக்குக் கிட்டத்தட்ட சமமாக்க வேண்டும். நான் ஒன்பதரைக்குப் படுத்து ஆறுக்கு எழுந்துகொண்டிருந்தேன். எட்டரை மணி நேரத்தில் தூக்கம் ஐந்து மணி நேரம்தான், அதாவது 59 சதவீதம். டாக்டர் 12 மணிக்குப் படுத்து 5.30-க்கு எழச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமையும் அதே நேரம், பகல் தூக்கம் இல்லை. ஒரு வாரச் சராசரியில் படுத்த நேரத்தில் 85 சதவீதத்துக்கு மேல் தூங்கியிருந்தால் 15 நிமிடம் கூட்டிக்கொள்ளலாம். ஐந்து மணி நேரத்துக்குக் கீழே குறைக்கக் கூடாது. முதல் பத்து நாள் கொடுமையாக இருந்தது. பதினோரு மணிக்குச் சுவரில் சாய்ந்தாலே கண் சொக்கும். மூன்றாவது வாரம் 2.40 விழிப்பு வரவில்லை. வலிப்பு உள்ளவர்கள், இருமுனை மனநோய் (அளவுக்கு மீறிய உற்சாகமும் மனச்சோர்வும் மாறி மாறி வருவது) உள்ளவர்கள், லாரி, பஸ் ஓட்டுபவர்கள், உயரத்தில் வேலை செய்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடவே வேண்டாம்.

காபி டீ மதியத்தோடு சரி. காலையில் எழுந்ததும் மொட்டை மாடியில் வெயில் படும்படி அரை மணி நேரம் நடங்கள். சாயங்காலம் ஆறரைக்கு இருபது நிமிடம் உட்கார்ந்து மனசில் ஓடும் கவலைகளை எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே நாளை செய்யக்கூடிய ஒரு சின்ன வேலையை எழுதுங்கள். "அப்பாவின் பென்ஷன் பேப்பர் — செவ்வாய்க்கிழமை கருவூலத்துக்குப் போன்" என்பதுபோல. ராத்திரி அதே கவலை வந்தால், அது நோட்டில் இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள முடிந்தது.

8. செலவு, இன்சூரன்ஸ், லீவு

அரசு மருத்துவமனையில் டாக்டர், மாத்திரை எதற்கும் நான் பணம் கட்டவில்லை. பஸ் செலவும் ஒரு நாள் சம்பளமும்தான். மாத்திரை முதலில் 15 நாளுக்கு, பிறகு மாதத்துக்கு ஒருமுறை தந்தார்கள். அவர்கள் தரும் ஓ.பி. நோட்டைத் தொலைத்துவிடாதீர்கள், எல்லாப் பக்கத்தையும் போனில் படம் எடுத்து வையுங்கள். தீர்வதற்கு ஐந்து நாள் முன்னாலேயே போய் வாங்குங்கள். பொங்கல், தீபாவளி விடுமுறையில் தீர்ந்துவிட்டால் திண்டாட்டம்.

தனியாரில் நான் முதல் முறை 700 ரூபாயும், அடுத்தடுத்து 400 ரூபாயும் கொடுத்தேன். உளவியலாளர் அமர்வு ஒன்றுக்கு 1,000 கேட்டார்கள். பெரிய நகரங்களில் இது இன்னும் கூடும். டாக்டரிடம் மருந்தின் மூலப்பெயரை எழுதித் தரச் சொல்லி, மக்கள் மருந்தகம், முதல்வர் மருந்தகம் போன்ற இடங்களில் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். விலை நன்றாகக் குறையும்.

உடல்நோய்க்குத் தருவதுபோலவே மனநோய்க்கும் இன்சூரன்ஸ் தர வேண்டும் என்று அதே 2017-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஆனால் பெரும்பாலான பாலிசிகள் மருத்துவமனையில் சேர்ந்தால்தான் பணம் தரும், ஓ.பி. செலவு வராது. புது பாலிசி எடுக்கும்போது இந்தச் சிகிச்சையை மறைக்காதீர்கள். பிறகு அதையே காரணம் காட்டி வேறு நோய்க்கான கிளெய்மையும் மறுக்க இடமாகிவிடும்.

ஆபீஸுக்குச் சான்றிதழ் வேண்டுமானால் அன்றைக்கே ஓ.பி.யில் கேட்டு வாங்குங்கள். முன்தேதி போட்டுத் தர மாட்டார்கள்.

9. வீட்டில் இருப்பவர்களுக்கு, பிறகு திரும்ப வந்தால்

"எதையும் யோசிக்காமப் படு" என்று சொல்லாதீர்கள். அம்மா எனக்கு மூன்று முறை சுற்றிப் போட்டாள், அவளுடைய அன்பு அது, நான் தடுக்கவில்லை. ஆனால் எனக்கு உதவியது மதினி செய்த காரியங்கள். ஓ.பி. நாளில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினாள். என் மாத்திரை அட்டையை அவள் வீட்டில் வைத்திருந்து வாரத்துக்கு வேண்டியதை மட்டும் தந்தாள். "நேத்து எத்தனை மணி நேரம் தூங்கின?" என்று தினமும் கேட்பதை நிறுத்தச் சொன்னேன், நிறுத்தினாள்.

சரியான பிறகும் பரீட்சை, சாவு, கடன் என்று ஏதாவது வந்தால் இரண்டு மூன்று ராத்திரி கெடும். அது நோய் திரும்பியதாக ஆகாது. மறுநாள் சீக்கிரம் படுத்து ஈடுகட்டப் பார்க்காதீர்கள், எழும் நேரத்தை மாற்றாதீர்கள். ஒரு வாரம் தாண்டினால் தூக்கக் கணக்கை மறுபடி தொடங்குங்கள். இரண்டு வாரம் தாண்டினால், அல்லது மனசு கனக்கத் தொடங்கினால், அடுத்த தேதிக்குக் காத்திராமல் நோட்டோடு ஓ.பி.க்குப் போங்கள். போன ஐப்பசியில் எனக்கு ஒன்பது நாள் கெட்டது. பழைய நோட்டிலேயே மிச்சப் பக்கத்தில் கோடு போட்டேன். பத்தாம் நாள் கட்டத்தில் ஐந்தே முக்கால் மணி நேரம் என்று இருக்கிறது.